கரும்புத் தோட்டம் தந்த ஓவியர் விஃப்ரெடோ லாம்

நிறவெறி என்றவுடன் வெள்ளையர், கறுப்பர் என்னும் இரு தரப்பினரே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆப்பிரிக்கக் குருதியும் சீனக் குருதியும் ஓருடலில் கலந்து பிறந்தோர் பட்ட பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுள் உலகப் புகழ் எய்தியவர் கியூபா நாட்டு ஓவியர் விஃப்ரெடோ லாம். அவர்தம் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

லாம் 1902 டிசம்பர் 8ஆம் நாள் சகுவா லா கிராண்டே என்னும் ஊரில் பிறந்தார். கரும்பு வயல்கள் சூழ்ந்த ஊர் அது. தந்தை லாம் யாம் சீனத்தின் காண்டன் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். எழுத்தறியாத சீனர்க்கு மடல் எழுதிக் கொடுத்தவர். தாய் அனா செராஃபினா ஆப்பிரிக்கரும் ஸ்பானியரும் கலந்த மரபினர். தாய்வழி முன்னோர் ஒருவரின் கை தண்டனையாக வெட்டப்பட்டது என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி.

இவ்விரு மரபும் அவ்வூரில் கூடியது தற்செயலன்று. கரும்பாலைகளுக்கு ஆள் போதாமையால் 1847 முதல் 1874 வரை ஏறத்தாழ 1,25,000 சீனர் எட்டாண்டு ஒப்பந்தத்தில் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தம் என்பது பெயரளவில்தான். ஆப்பிரிக்க அடிமைகளோடு ஒரே வயலில், ஒரே சவுக்கின்கீழ் அவர்கள் உழைத்தனர். கரும்புத் தோட்டத்துத் துயரைப் பாரதி பாடக் கேட்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடிமை முறை 1886இல் சட்டத்தால் ஒழிந்தது, மனங்களில் ஒழியவில்லை. கறுப்பர்தம் உரிமைக்காக 1908இல் தோன்றிய கட்சியை 1910ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கியது. அதனை எதிர்த்து 1912இல் எழுந்த கிளர்ச்சியின்போது ஆயிரக்கணக்கான கறுப்பர் கொல்லப்பட்டனர். அப்போது லாமுக்கு அகவை ஒன்பது.

ஹவானாவில் ஓவியம் பயின்ற லாம் 1923இல் மாட்ரிட் சென்றார். அங்கே மணந்த மனைவி ஏவாவையும் பச்சிளம் மகனையும் 1931இல் காசநோய்க்குப் பலிகொடுத்தார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது குடியரசுப் படையின் பக்கம் நின்றார். 1938இல் பாரிஸ் சேர்ந்தார். பிக்காசோவின் நட்பு வாய்த்தது. ஆப்பிரிக்கக் கலையை லாமுக்குக் கற்பிக்குமாறு மிஷேல் லெயிரி என்னும் பிரெஞ்சு அறிஞரைப் பிக்காசோ வேண்டினாராம். அன்பினால் செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாயின் முன்னோர் படைத்த கலையை ஐரோப்பியர் ஒருவரிடம் பாடம் கேட்கவேண்டிய நிலையை எண்ணுங்கால் நமக்கு நகைப்பும் துயரும் ஒருங்கே எழுகின்றன.

நாஜிப் படை பாரிஸை நெருங்கவே லாம் மார்செய் துறைக்குத் தப்பினார். 1941 மார்ச்சில் ஆந்த்ரே பிரெத்தோன், லெவி ஸ்திராஸ் முதலானோரோடு கப்பலேறி மார்த்தினிக் தீவை அடைந்தார். வந்தவர்களை ஆட்சியினர் முகாமில் அடைத்தனர். அத்தீவிற்குத்தான் நம் காரைக்கால், புதுச்சேரித் துறைகளிலிருந்து தமிழர் பலர் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டக் கொண்டுசெல்லப்பட்டனர் என்பதும் நினைக்கத்தக்கது. அங்கே கறுப்பினக் கவிஞர் எமே செசேரின் நட்பு அவருக்குக் கிட்டியது.

பதினெட்டாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பியவர் கண்டது என்ன? கறுப்பர் வறுமையில் உழன்றனர். அவர்தம் ஆடலும் பாடலும் வெளிநாட்டார் கண்டுகளிக்கும் விலைப்பொருளாகியிருந்தன. அந்த நெஞ்சக் கொதிப்பில் 1943இல் பிறந்ததே ‘காடு’ என்னும் ஓவியம். எட்டடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில், தாளில் தீட்டிச் சீலையில் ஒட்டியது. கரும்புத் தட்டைகளினிடையே முகமூடி முகமும் பருத்த பாதமும் கொண்ட உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. ஒன்றன் கையில் கத்தரிக்கோல். பெயர்தான் காடு. கரும்பு காட்டில் விளையுமோ? அது தோட்டப் பயிர். அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளும் வியர்வை சிந்திய இடம். அயலார் தேடிவரும் அழகிய வெப்பமண்டலக் காட்சியை அவர்களுக்குத் தர லாம் மறுத்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் 1944இல் நடத்திய கியூப ஓவியக் கண்காட்சியில் சேர லாம் இசையவில்லை. எனினும் அக்காட்சியகம் ‘காடு’ ஓவியத்தை 1945இல் விலைக்கு வாங்கியது. வாங்கியும் எங்கே மாட்டியது? நவீன ஓவியத்தின் பெருமக்கள் வீற்றிருந்த கூடங்களில் அன்று. பார்வையாளர் மேலங்கியைக் கழற்றி வைக்கும் அறைக்கு அருகிலிருந்த நடைவழியில் அது நெடுங்காலம் தொங்கியது. திறனாய்வாளர் பலரும் அவரைப் பிக்காசோவின் நிழலாகவே எழுதிவந்தனர். கடன் கொடுத்த குலத்தவனைக் கடன்பட்டவனாகக் காட்டிய இக்கணக்கு நமக்கு விளங்கவில்லை!

1952இல் பாரிஸில் குடியேறிய லாம், பின்னர் இத்தாலியின் அல்பிசோலாவிலும் ஓவியக்கூடம் அமைத்துக்கொண்டு பீங்கான் கலையிலும் ஈடுபட்டார். 1982 செப்டம்பர் 11ஆம் நாள் பாரிஸில் காலமானார். அவரது சாம்பல் ஹவானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

நடைவழியில் ஓவியம் மாட்டப்பட்டிருந்த அவலத்தை, சீன மரபில் வந்த அமெரிக்கக் கவிஞர் ஜான் யாவ் 1988இல் ஒரு கட்டுரையால் அம்பலப்படுத்தினார். அதே காட்சியகம் லாமின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெருங்கண்காட்சி ஒன்றை 2025 நவம்பரில் திறந்தது.