பழைய காருக்குள் படகு என்ஜின்: க்ளெஸ்ஸி கம்மின்ஸ்

கரண்ட் போனவுடன் ஹாஸ்டலுக்குப் பின்னால் தடதடவென்று ஓட ஆரம்பிக்குமே ஜெனரேட்டர், அதைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கீங்களா? நிறைய ஜெனரேட்டர்களில் கம்மின்ஸ் என்று எழுதியிருக்கும். ஏதோ கம்பெனி பெயர் என்று கடந்து போயிருப்போம். அது ஒரு மனுஷனோட பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷன்.

க்ளெஸ்ஸி லைல் கம்மின்ஸ் 1888-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 11 வயதில் மரத்தில் பேட்டர்ன் செதுக்கி, இரும்பை உருக்கி வார்த்து, ஒரு சின்ன நீராவி என்ஜின் செய்தார். அதை வைத்துப் பண்ணைக்குத் தண்ணீரும் இறைத்தார். நமக்கெல்லாம் ஃபவுண்டரி லேப் எப்போ வந்தது என்று யோசிச்சுப் பாருங்க!

1908-ல் கொலம்பஸ் என்ற ஊரில் (ஒஹாயோவில் இருக்கும் பெரிய கொலம்பஸ் இல்லை, இண்டியானாவில் இருக்கும் சின்ன ஊர்) வில்லியம் இர்வின் என்ற பேங்க் முதலாளியிடம் கார் டிரைவராகச் சேர்ந்தார். கார் ஓட்டிய நேரம் போக, முதலாளியின் கார் ஷெட்டிலேயே ஒரு மெஷின் ஷாப் போட்டார். இர்வினுக்கு இந்த டிரைவர் மேல் பெரிய நம்பிக்கை. 1919-ல் கம்மின்ஸ் என்ஜின் கம்பெனி பிறந்தது. மூளை க்ளெஸ்ஸியுடையது, பணம் இர்வினுடையது.

டீசல் அப்போது புதுசு ஒன்றும் இல்லை. ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897-லேயே ஓடிக் காட்டிவிட்டது. ஆனால் அது கப்பலிலும் பவர் ஹவுஸிலும் உட்கார்ந்திருந்தது. எடை அதிகம், வேகம் குறைவு. சாலையில் பெட்ரோல்தான் ராஜா.

கம்பெனியின் முதல் பெரிய வியாபாரமே சொதப்பியது. பண்ணைகளுக்கான சின்ன என்ஜின்களை சியர்ஸ் ரோபக் என்ற தபால் வழி வியாபார நிறுவனம் மூலம் விற்றார்கள். பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ் என்று சியர்ஸ் உத்தரவாதம் கொடுத்திருந்தது. விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீசன் முழுக்க ஓட்டிவிட்டு, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீங்க. அதன் பிறகு படகுகளுக்கு என்ஜின் செய்து கொஞ்சம் மூச்சு விட்டார்கள். லாபம் மட்டும் கண்ணில் படவே இல்லை. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. பத்து வருஷமாகப் பணம் போட்டுக் களைத்துப்போன இர்வின், கம்பெனியை மூடிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் ஒரு ரிப்போர்ட் எழுதியிருப்போம். க்ளெஸ்ஸி ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார்.

1925 மாடல் பேக்கார்ட் லிமோசின். பானெட் நீளமான வண்டி. அதில் இருந்த பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, படகுக்காகச் செய்த யு மாடல் 4 சிலிண்டர் டீசல் என்ஜினை உள்ளே இறக்கினார். சும்மா இல்லைங்க. தண்ணீரில் ஒரே சீரான வேகத்தில் ஓடுவதற்காகச் செய்த என்ஜின் அது. சாலையில் கியருக்குக் கியர் வேகம் ஏறி இறங்க வேண்டும், சிக்னலில் நின்று கிளம்ப வேண்டும், அதிர்வை ஃபிரேம் தாங்க வேண்டும். அமெரிக்காவில் டீசலில் ஓடிய முதல் கார் என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

1929 கிறிஸ்துமஸ் அன்று இர்வினை அந்தக் காரில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போனார். இரண்டு நாள் கழித்து க்ளெஸ்ஸிக்கு 41 வயது. இறங்கிய இர்வின் மறுபடியும் பணம் போடச் சம்மதித்தார். கம்பெனி பிழைத்தது. லாபம் வர அதற்குப் பிறகும் 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

அடுத்த மாதமே அதே காரை இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் கார் கண்காட்சிக்கு ஓட்டிப் போனார். ஏறத்தாழ 800 மைல் தூரம். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். கண்காட்சிக்குள் விடவில்லை. பக்கத்திலேயே இடம் வாடகைக்குப் பிடித்துக் காரை நிறுத்தினார். டார்க், குதிரைசக்தி என்று அவர் பேசிக்கொண்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? 1.38 டாலர் என்ற கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. நல்ல மார்க்கெட்டிங்குக்கு எம்.பி.ஏ. தேவையில்லை போல!

1931 இண்டியானாபொலிஸ் 500 ரேஸில் இவருடைய டீசல் கார் 13-வது இடம்தான் பிடித்தது. ஆனால் 500 மைலையும் பிட் ஸ்டாப் இல்லாமல் ஓடி முடித்த முதல் கார் அதுதான். அதே வருஷம் ஒரு டீசல் லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்பினார். 3,000 மைலுக்கு மேல். எரிபொருளுக்கு 11 டாலர் 22 சென்ட்.

அந்தப் பயணத்தில்தான் சாவைப் பார்த்தார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனது. கீழே ரயில்வே கிராசிங்; அதில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டி தாண்டிய சில நொடிகளில் லாரி தண்டவாளத்தைக் கடந்தது.

ஏன் இப்படி ஆனது? பெட்ரோல் என்ஜினில் த்ராட்டிலை மூடினால் வெற்றிடம் உண்டாகி, வண்டியைப் பின்னால் இழுக்கும். டீசலில் அந்தத் த்ராட்டில் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும். அழுந்திய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். கொடுத்த சக்தி கைக்கே வந்துவிடுகிறது, அப்புறம் எங்கே பிரேக்?

ஓய்வு பெற்ற பிறகுதான் இதற்கு விடை கண்டுபிடித்தார். அழுத்தம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடு. ஸ்பிரிங் புஸ்ஸென்று போய்விடும், என்ஜினே ஒரு ஏர் கம்ப்ரஸராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்தச் சரியான நொடியை எதை வைத்துப் பிடிப்பது? இன்ஜெக்டரை இயக்கும் கேம் ஏற்கெனவே அதே நேரத்தில்தான் அசைகிறது, அதையே பயன்படுத்திக்கொண்டார். எனக்கு அவர் செய்ததிலேயே பிடித்தது இதுதான். ட்ரில்லிங் மெஷின் சக் செய்யும் ஜேக்கப்ஸ் கம்பெனி 1961-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. லாரிக்காரர்கள் வைத்த பெயர் ஜேக் பிரேக். சத்தம் தாங்காமல் பல அமெரிக்க ஊர்களில் என்ஜின் பிரேக் போடாதே என்று போர்டே வைத்திருக்கிறார்கள்.

க்ளெஸ்ஸி 1968-ல் காலமானார். டாட்ஜ் ராம் பிக்கப்பில் 5.9 லிட்டர் 6 சிலிண்டர் கம்மின்ஸ் டீசல் வந்தது 1989 மாடலில். அதை அவர் பார்க்கவில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் பழைய ஃபோர்ட், செவ்ரோலெட் பிக்கப் வைத்திருப்பவர்கள் வீட்டு ஷெட்டில் அந்த என்ஜினைத்தான் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள். இடம் போதாதவர்கள், டெலிவரி வேன்களில் ஓடிய 3.9 லிட்டர் 4 சிலிண்டர் தம்பியைக் கழற்றி வருகிறார்கள். 6 சிலிண்டர் என்ஜின் ஏறத்தாழ அரை டன் எடை. முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றாவிட்டால் வண்டி மூக்குக் குத்தி நிற்கும். கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் பிளேட் வேண்டும். வேகம் குறைந்த என்ஜின் என்பதால் ஆக்ஸில் ரேஷியோவையும் பார்க்க வேண்டும். வயரிங் மட்டும் சுலபம். பழைய 12 வால்வ் மாடலில் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். எரிபொருளைத் திறந்துவிடும் சோலினாய்டுக்கு 12 வோல்ட் போனால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும்.