ஆலிவர் ஹெவிசைடும் 75 ஓம் கேபிளும்

தொலைக்காட்சிக்குக் கோஆக்சியல் கேபிள் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் கேட்பது, உள்ளே செம்பு எவ்வளவு கனம் என்பதுதான். மேலுறையில் அச்சிட்டிருக்கும் 75 ஓம் என்ற எண்ணை எவரும் பொருட்படுத்துவதில்லை. அந்த எண்ணுக்குப் பொருள் கொடுத்தவர் ஆலிவர் ஹெவிசைடு. அவர் மறைந்து 2025 பிப்ரவரியுடன் நூறாண்டுகள் நிறைவுற்றன. கேபிளைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைவிட நல்ல வழி இல்லை என்று நான் கருதுகிறேன்.

1850 மே 18 அன்று லண்டனின் கேம்டன் டவுனில், மரச்செதுக்குப் படங்கள் செய்பவரின் மகனாக, வறிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் கண்ட காய்ச்சல் செவித்திறனைப் பாதித்தது. 16 வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. தந்திக்கருவிகளின் முன்னோடியான சார்லஸ் வீட்ஸ்டன் இவருடைய தாயின் சகோதரியை மணந்தவர். அந்த உறவு தந்தித் தொழிலுக்கு வழிகாட்டியது. 1868-இல் டென்மார்க்கில் தந்தி இயக்குநரானார். பின்னர் நியூகாசிலில் பணியாற்றினார். 24 வயதில் வேலையைத் துறந்து பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார். அதன் பிறகு அவர் எந்த வேலைக்கும் செல்லவில்லை. சரியாகக் காது கேளாத ஒருவர், தொலைபேசியில் பிறர் குரல் தெளிவாகக் கேட்பதற்கான கணக்கைத் தேடி ஆயுளைச் செலவிட்டார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

கடலடிக் கேபிளில் அனுப்பும் தந்திக்குறிகள் மறுமுனையில் ஒன்றோடொன்று கலந்து மங்கிப்போவது ஏன் என்பது அக்காலத்தின் பெரும்புதிர். 1873-இல் வெளிவந்த மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூலைத் தாமாகவே கற்று, அதன் சிக்கலான கணக்குகளை நான்கு சமன்பாடுகளாகச் சுருக்கினார் ஹெவிசைடு. இன்று கல்லூரி மாணவர்கள் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று படிப்பது அவர் தந்த வடிவமே. மின்னாற்றல் கம்பியின் உலோகத்துக்குள் தண்ணீரைப்போல ஓடுவதில்லை, கம்பியைச் சூழ்ந்த வெளியில் அலையாகச் செல்கிறது, கம்பி அதற்கு வழிகாட்டுகிறது என்றும் அவர் காட்டினார்.

1880-இல் அவர் பெற்ற காப்புரிமை ஒன்றில், அடுத்தடுத்துச் செல்லும் மின்சுற்றுகள் ஒன்றையொன்று குலைக்காதிருக்க, ஒரு கடத்தியைக் குழாய்போன்ற மற்றொரு கடத்திக்குள் வைக்கும் ஏற்பாடு இருந்தது. அதுவே கோஆக்சியல் கேபிளின் கரு. நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையிலுள்ள காப்புப்பொருளில்தான் அலை பயணம் செய்கிறது. அந்த இடைவெளியின் குணத்தைச் சொல்வதே 75 ஓம் என்ற எண். இம்பீடன்ஸ் எனப்படும் மின்மறுப்பு அது. அச்சொல்லைப் படைத்தவரும் ஹெவிசைடுதான். இரு கடத்திகளின் விட்டங்களுக்கு இடையிலான விகிதமும் காப்புப்பொருளின் தன்மையும் அதைத் தீர்மானிக்கின்றன. கேபிளின் நீளத்துக்கு அதில் பங்கில்லை. மல்டிமீட்டரை வைத்து அதை அளக்க முயல்வோர் ஏமாறுவது இதனால்தான்.

75 ஓம் கேபிளோடு 50 ஓம் கேபிளை இணைத்தால் இணைப்பில் 4 விழுக்காடு ஆற்றல் திரும்பிவிடும். தொலைக்காட்சிக்கு அது பெரிய இழப்பன்று. ஒலிபரப்புக் கருவிக்குக் கவலைக்குரியது. காற்றைக் காப்பாகக் கொண்ட கேபிளில் இழப்பு மிகக் குறைவாக இருப்பது ஏறத்தாழ 77 ஓமில். அதிக ஆற்றலைத் தாங்குவது ஏறத்தாழ 30 ஓமில். ஆகவே பெறுவதற்கு 75, அனுப்புவதற்கு இரண்டுக்கும் நடுவே 50 என்று வழக்கமாயிற்று.

செம்பின் கனம் பற்றிய கேள்விக்கும் விடை அவரிடமே உண்டு. அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை நோக்கி ஒதுங்கும் என்பதை விளக்கியவர்களில் அவரும் ஒருவர். 1000 மெகாஹெர்ட்ஸில் செம்பின் மேற்புறத்தில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே, எஃகின்மேல் செம்பு போர்த்திய நடுக்கம்பியை ஏமாற்று என்று ஒதுக்க வேண்டியதில்லை. டிஷ் ஆண்டெனாவின் முனையிலுள்ள கருவிக்கு மின்சாரமும் அதே கேபிளில் நெடுந்தூரம் செல்லுமானால், அப்போது முழுச்செம்பு தேவை. விலைகுறைந்த கேபிள்களில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் வெளிவலையின் அடர்த்தியில்தான். கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. தூரமும் முக்கியம். ஆர்.ஜி.-6 வகையில் 1000 மெகாஹெர்ட்ஸ் சைகை 100 மீட்டர் கடந்தால் சுமார் 20 டெசிபல் குறையும். அதாவது அனுப்பியதில் நூறில் ஒரு பங்கே எஞ்சும். நுரைத்த பாலிஎத்திலீன் காப்பு கொண்டவை இழப்பில் சற்று மேலானவை.

இவ்வளவையும் தந்தவருக்கு அக்காலப் பொறியியல் உலகம் செய்த கைம்மாறு சிறப்பானதன்று. தொலைபேசிக் கம்பியில் மின்தூண்டலைக் கூட்டினால் குரல் சிதையாமல் செல்லும் என்று 1887-இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். மின்தூண்டல் கேடு விளைவிப்பது என்று சாதித்துவந்த பிரிட்டிஷ் தபால்துறையின் உயர்நிலைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ், அத்துறையில் பணியாற்றிய அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து ஹெவிசைடு எழுதிய கட்டுரையை வெளிவரவிடாமல் தடுத்தார். பதவிக்கு அறிவு பணிய வேண்டும் என்னும் இந்த மனப்போக்கை நான் மன்னிக்கத்தக்கதாகக் கருதவில்லை. அதன் விலையைப் பிரிட்டன் கொடுத்தது. இடையிடையே சுருள்களை வைத்து மின்தூண்டலைக் கூட்டும் முறைக்கு 1900-இல் அமெரிக்காவில் மைக்கேல் பூபின் காப்புரிமை பெற்றார்; பெரும்பொருளும் அவருக்கே சேர்ந்தது.

ராயல் சொசைட்டி 1891-இல் ஹெவிசைடை உறுப்பினராக்கியது. 1896 முதல் ஆண்டுக்கு 120 பவுண்டு அரசு உதவித்தொகை கிடைத்தது. வானொலி அலைகளைத் திருப்பும் மின்னேற்ற அடுக்கு வளிமண்டலத்தின் மேலே இருக்கக்கூடும் என்று 1902-இல் எழுதினார். முதல் ஃபாரடே பதக்கம் 1922-இல் அவருக்கே வழங்கப்பட்டது. டெவன் கடற்கரையில் தனியாக வாழ்ந்து, 1925 பிப்ரவரி 3 அன்று டார்க்கியில் மறைந்தார்; பெயின்டன் கல்லறையில் பெற்றோருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1956-இல் அட்லாண்டிக் பெருங்கடலடியில் ஸ்காட்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து, ஒரே நேரத்தில் 36 உரையாடல்களைச் சுமக்கத் தொடங்கிய முதல் தொலைபேசித் தடம் முழுவதும் கோஆக்சியல் கேபிளால் ஆனது.