மருத்துவரோடு பேசிய பாப்பரசர்

கலியாணமாகி நாலைந்து வருடம் கழிந்தும் பிள்ளை இல்லையென்றால், எங்கள் கிழக்குக் கரையில் ஊர்வாய் முதலில் மனைவியையே நாடுகிறது. கல்முனை முதல் வினாயகபுரம் வரை, பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியிருப்பதே வழக்கம். ஆயினும் பழி வீட்டுக்காரிக்கே போய்ச் சேருகிறது. அவளும் ஆயித்தியமலைக்கும் மடுவுக்கும் நேர்த்தி வைக்கிறாள். டாக்டர் மாறி டாக்டர் பார்க்கிறாள். கணவனையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னவுடன், எங்கள் சமயத்தில் அதற்கு இடமில்லை என்று அவன் தட்டிக்கழிக்கிறான். உண்மையில் இடமில்லையா? இந்த விஷயத்தை மருத்துவரின் முகத்துக்கு நேரே எடுத்துப் பேசிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதரின் வாழ்வை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எயூஜெனியோ பச்செல்லி என்பது அவரது இயற்பெயர். 1876 மார்ச் 2ஆம் திகதி உரோமையில் பிறந்தார். தகப்பனார் பிலிப்போ திருச்சபை நீதிமன்றங்களில் வாதாடிய வழக்கறிஞர். மகனும் சட்ட நுணுக்கத்தோடுதான் வளர்ந்தார். 1899இல் குருவானார். 1917இல் பாப்பரசரின் தூதராக ஜெர்மனி சென்று பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 1929இல் கர்தினாலாகவும், அடுத்த ஆண்டு வத்திக்கானின் இராஜாங்கச் செயலராகவும் உயர்ந்தார். 1939 மார்ச் 2ஆம் திகதி, தமது அறுபத்து மூன்றாவது பிறந்தநாளன்றே, பாப்பரசராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆறு மாதத்தில் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்தில் அவர் பேசியது போதுமா போதாதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2020இல் அக்கால ஆவணங்கள் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. 1950இல் மரியன்னையின் விண்ணேற்பை விசுவாச சத்தியமாக அறிவித்தவரும், 1947இல் எங்கள் திருக்கோணமலை மறைமாவட்டத்துக்கு கிளெனி ஆண்டகையை ஆயராக நியமித்தவரும் இவரே.

போர் முடிந்தபின் அவரிடம் வந்த கூட்டங்களுள் மருத்துவர் கூட்டங்கள் பல. வந்தவர்களை ஆசீர்வதித்து அனுப்பிவிடுவது அவர் வழக்கமன்று. அந்தந்தத் துறை நூல்களை வரவழைத்து வாசித்து, வல்லுநருக்கு வல்லுநராகப் பேசுவார். ஒல்லியான தேகம், தனியே உண்ணும் உணவு, நள்ளிரவு தாண்டியும் எரியும் விளக்கு, இப்படித்தான் அவரது நாட்கள் கழிந்தன.

1949 செப்டெம்பரில் கத்தோலிக்க மருத்துவரின் அனைத்துலக மாநாட்டினரிடம் செயற்கை முறைக் கருவூட்டல் பற்றிப் பேசினார். வேறொரு ஆணின் வித்தைக் கொண்டு கருவூட்டுவதை முற்றாக விலக்கினார். கணவனுடையதே ஆயினும், தம்பதியரின் கூடலுக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பதையும் ஏற்கவில்லை. ஆனால், அந்தக் கூடலுக்குத் துணைநின்று அது தன் பலனை அடைய உதவும் வழிகளைத் தாம் தடுக்கவில்லை என்றும் தெளிவாக்கினார். வாசலை அடைத்துவிட்டார் என்று சொல்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

1956 மே மாதம் நேப்பிள்ஸ் நகரில் மலட்டுத்தன்மை பற்றிய இரண்டாவது உலக மாநாடு கூடியது. 19ஆம் திகதி அதன் மருத்துவர்கள் அவரைக் காண வந்தனர். பிள்ளையில்லாத தம்பதியரின் மனவேதனையை அவர் சிறிதாக எண்ணவில்லை. அந்தக் குறையைப் போக்க உழைக்கும் மருத்துவரைப் பாராட்டினார். பிள்ளை இறைவனின் கொடை, தம்பதியர் உரிமையாகக் கேட்டு வாங்கும் பொருளன்று என்று விளக்கினார். கண்ணாடிக் குழாயில் கருவை உண்டாக்கும் முயற்சிகளையும் அன்றே நிராகரித்தார். முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1978இல்.

ஆணின் வித்தைச் சோதிக்கும் விஷயத்துக்கும் அன்று வந்தார். வெட்டை நோயைக் கண்டறிவதற்காகத் தன்னின்பத்தின் மூலம் வித்தை எடுக்கலாமா என்ற கேள்விக்கு 1929இலேயே உரோமை ஆகாது என விடை கூறியிருந்தது. மலட்டுத்தன்மைச் சோதனைக்கும் அந்த விடையே பொருந்தும் என்றார் 12ஆம் பத்திநாதர். நோக்கம் நல்லதாயினும், இறைவன் தம்பதியரின் ஐக்கியத்துக்கென வைத்த சக்தியை அதிலிருந்து பிரித்து எடுக்கக் கூடாது என்பது அவர் காட்டிய காரணம். விலக்கப்பட்டது எடுக்கும் முறையே. சோதனை விலக்கப்படவில்லை.

பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதாமல் விட்டதால் எத்தனையோ பெண்கள் சுமக்க வேண்டாத பெயரைச் சுமந்திருக்கிறார்கள். பிள்ளையில்லாத தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் பக்கத்துக் குறையும் சேர்ந்திருப்பதாக மருத்துவம் கூறுகிறது. வாலிப வயதில் வந்த கூகைக்கட்டு, விதைப்பையில் புடைத்த நாளங்கள், புகைத்தல் என்று காரணங்கள் பல. சிலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

டாக்டர் உடலைப் பார்ப்பதிலோ, இரத்தத்தில் ஹோர்மோன் அளவு பார்ப்பதிலோ, ஸ்கான் எடுப்பதிலோ எந்தத் தடையும் இல்லை. வித்தைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால், தம்பதியர் கூடும்போது சிறு துளையிட்ட உறையை அணிந்து அதில் தங்குவதை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம் என்பது ஒழுக்கவியல் அறிஞர் பலரின் கருத்து. கருவுறும் வழி அதனால் அடைபடுவதில்லை. கடையில் வாங்கும் சாதாரண உறை உதவாது, அது உயிரணுக்களைக் கொன்றுவிடும். இதற்கென்று செய்த உறையை டாக்டரிடம் கேட்க வேண்டும். கூடலின்பின் மனைவியிடமிருந்து எடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு, ஆனால் இன்றைய மருத்துவர்கள் அதை அதிகம் நம்புவதில்லை. எடுத்ததை உடற்சூடு குறையாமல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். வினாயகபுரத்திலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர் தாண்டிக் கல்முனைக்கு பஸ்ஸில் போவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும். ஆகவே முதல்நாளே ஆய்வுகூடத்துக்குக் கிட்டிய உறவினர் வீட்டில் தங்குவது புத்தி. உயிரணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுப்பதால், முதல் முடிவு சரியில்லையென்றால் மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் பார்ப்பார்கள்.

முடிவு எதுவானாலும் விவாகம் விவாகமே. மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடைசெய்யவோ செல்லாததாக்கவோ மாட்டாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1084ஆம் சட்டம் கூறுகிறது. மகனுக்கு வேறு இடம் பார்ப்போம் என்று பேசும் மாமிமார் இதைக் கவனிக்கவும்.

சோதனையைவிட, முடிவு வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமே பல ஆண்களைப் பின்னடிக்க வைக்கிறது. இந்த விஷயத்தில் 12ஆம் பத்திநாதரின் சொந்தக் கதி பரிதாபமானது. அவரது வைத்தியர் கலெயாற்சி-லீசி அடிப்படையில் ஒரு கண் மருத்துவர். ஆண்டுக்கணக்காகப் பாப்பரசரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர். 1958 அக்டோபரில், கஸ்தெல் கந்தோல்போ மாளிகையில் பாப்பரசர் மரணப்படுக்கையில் கிடந்தபோது, அந்த மனிதர் அவரைப் படம் பிடித்து, நோயின் விவரங்களையும் எழுதி, பத்திரிகைகளுக்கு விலைபேசினார். மருத்துவரின் கடமைகளை எத்தனையோ மாநாடுகளுக்கு எடுத்துரைத்த பாப்பரசரின் இறுதி மூச்சே சந்தைக்குப் போயிற்று. வைத்தியர் பதவி இழந்தார். உலகம் அவரைக் காறித் துப்பியது.

அக்டோபர் 9ஆம் திகதி அதிகாலை பாப்பரசர் உயிர் நீத்தார். வயது எண்பத்திரண்டு. புனித பேதுரு பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார். 2009 டிசெம்பரில் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.