கொற்கையில் மண்ணைத் தோண்டிய கால்டுவெல்: ரோமாபுரி தேடிவந்த முத்துத் துறைமுகம் எங்கே போனது?

கூகுள் மேப்பில் கொற்கை என்று தட்டிப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம், ஏரல் பக்கம், வயலும் வாழையும் குளமுமாக ஒரு சின்ன ஊர். கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்திலிருந்து வந்த கிரேக்க வணிகர்கள் குறித்துவைத்த ‘கொல்கோய்’ துறைமுகம் இதுதான். கடலே இல்லாத ஊர் எப்படித் துறைமுகமாக இருந்திருக்கும்? இந்தக் கேள்வியோடு ஆட்களை வைத்து அங்கே தோண்டிப் பார்த்தவர் ராபர்ட் கால்டுவெல்.

அட, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அவரா? அவரேதான்.

1814-ல் அயர்லாந்தில் பிறந்தார். இளம் வயதில் டப்ளினில் ஓவியம் படித்தார், பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகம். அங்கேதான் கிரேக்கத்தின் மீதும் மொழிகளை ஒப்பிடுவதன் மீதும் ஆர்வம் வந்தது. 1838-ல் சமயப் பணிக்காகச் சென்னை வந்தவர், 1841-ல் நீலகிரி வரை சுற்றிக்கொண்டு கால்நடையாகவே தெற்கே வந்து, தேரி மணல் சூழ்ந்த இடையன்குடியில் தங்கிவிட்டார். 1856-ல் வந்த ஒப்பிலக்கணம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதற்கு முன் 1849-ல் எழுதிய ஒரு சிறுநூலில் நாடார் சமூகத்தை அவர் தாழ்வாகச் சித்தரித்திருந்தார். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது.

சரி, கொற்கைக்கு வருவோம்.

ரோமானியச் சமூகத்தில் முத்து என்பது வெறும் நகை இல்லை, அந்தஸ்து. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த ரோமானியர் கால ஓவியங்களில் பெண்களின் காதில் முத்து தொங்குவதை இன்றும் பார்க்கலாம். இந்தியா, சீனா, அரேபியாவுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போகிறதே என்று பிளினி புலம்பியிருக்கிறார். முதலாம் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு இன்னும் ஒரு விவரம் சொல்கிறது: பாண்டியர் ஆட்சியில் இருந்த கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். ரோமானியச் சீமாட்டியின் காதுத் தொங்கலுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை!

கால்டுவெல் இந்தக் குறிப்புகளைப் படித்ததோடு நிற்கவில்லை. ஊர்ப்பெயர்களைக் கவனித்தார். பக்கத்தில் இருக்கும் அக்கசாலை என்ற பெயருக்கு நாணயம் அடிக்கும் இடம் என்று பொருள். பிறகு கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டினார். 1877-ல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அதைக் கட்டுரையாக எழுதினார். அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. கொற்கை உள்ளே சிக்கியதும் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதிய ‘காயில்’ இந்தப் பழையகாயல்தான் என்பதும் அவர் கணிப்பு. அதுவும் தூர்ந்தபோது தூத்துக்குடி எழுந்தது.

அதே 1877-ல் அவர் பிஷப் ஆனார். மாவட்டத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம் அது. நிவாரண வேலைகளுக்கு நடுவே தொல்லியல் பின்னுக்குப் போயிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனாலும் 1881-ல் திருநெல்வேலி வரலாற்றை எழுதி முடித்தார், கொற்கைக்கும் அதில் இடம் தந்தார்.

இன்றைய கண்ணில் பார்த்தால் அவர் செய்தது முறையான அகழாய்வு இல்லை. மண் அடுக்குகளைப் பிரித்துக் காலம் கணிக்கும் முறையை 1945-ல் மார்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கையாண்டார். இத்தாலியில் செய்த மட்பாண்டங்கள் அங்கே கைகொடுத்தன. கொற்கையில் தமிழகத் தொல்லியல் துறை 1968-69-ல் தோண்டியது. அங்கே கிடைத்த கரித்துண்டை ரேடியோகார்பன் முறையில் சோதித்தபோது வந்த காலம் சுமார் கி.மு. 785. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்தான். ஆனால் ரோம் நகரம் உருவானதாக மரபாகச் சொல்லப்படும் ஆண்டே கி.மு. 753! ரோமாபுரி வணிகர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கொற்கையில் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கால்டுவெல்லுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். கொற்கையில் 2021-ல் மறுபடி குழி வெட்டினார்கள்.