ஜோசப் டாயின்பி

ஜோசப் டாயின்பி (டிசம்பர் 30, 1815 – ஜூலை 7, 1866) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். காது நோய்களை உடற்கூற்று ஆய்வின் அடிப்படையில் விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர். விழுங்கும்போது நடுச்செவியின் காற்றழுத்தம் சீராவதை விளக்கியமைக்காக அறியப்படுகிறார். நடுச்செவிக்குள் மருந்தின் ஆவியைச் செலுத்தும் சோதனையைத் தம்மீதே செய்தபோது உயிரிழந்தார்.

வாழ்க்கை

லிங்கன்சயர் மாவட்டத்தின் ஹெக்கிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்றார். குருத்தெலும்பு, விழிவெண்படலம், விழிவில்லை ஆகியவற்றுள் குருதிக் குழாய்கள் இல்லை என்பதைக் காட்டிய ஆய்வுக்காக, 1842 ஆம் ஆண்டில், தமது 26 ஆவது வயதில் அரச கழகத்தின் உறுப்பினரானார். பின்னர் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் காது அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். பொருளியல் வரலாற்றாசிரியர் ஆர்னால்டு டாயின்பி இவருடைய மகன். வரலாற்றாசிரியர் ஆர்னால்டு ஜோசப் டாயின்பி இவருடைய பேரன்.

நடுச்செவி ஆய்வுகள்

இவர் இறந்தோரின் காதுகள் ஏறத்தாழ 2000 ஐ அறுத்து ஆராய்ந்தார். அங்கவடி எலும்பு அசையாமல் இறுகிப்போவது செவிட்டுத்தன்மைக்கு ஒரு காரணம் எனக் காட்டினார். கிழிந்த செவிப்பறைக்கு மாற்றாக, வெள்ளிக் கம்பி பொருத்திய இரப்பர் வட்டு ஒன்றையும் உருவாக்கினார். இவருடைய காது நோய்கள் பற்றிய நூல் 1860 இல் வெளிவந்தது.

நடுச்செவியைத் தொண்டையுடன் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் எப்போதும் திறந்திருப்பதில்லை என்றும், விழுங்கும்போது தசைகளால் திறக்கப்படுகிறது என்றும் இவர் விளக்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கும் முறை இன்றும் டாயின்பி முறை என அழைக்கப்படுகிறது. குழாய் செயற்படுகிறதா என அறிய மருத்துவர்களும், அழுத்தத்தைச் சமன்செய்ய நீர்மூழ்குவோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இறப்பு

காது இரைச்சலுக்கு அக்காலத்தில் உறுதியான மருத்துவம் இல்லை. மருந்தின் ஆவியை உள்ளிழுத்து, வாயையும் மூக்கையும் மூடி மூச்சை வெளித்தள்ளினால், அது நடுச்செவியை அடைந்து இரைச்சலைத் தணிக்கக்கூடும் என டாயின்பி கருதினார். 1866 ஜூலை 7 அன்று, இலண்டனில் தமது மருத்துவ அறையில் தனியாக இருந்தபோது குளோரோபார்ம், ஐதரோசயனிக் அமிலம் ஆகியவற்றைக் கொண்டு இதனைச் சோதித்தார். பின்னர் அங்கேயே இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவரருகே சோதனைக் குறிப்புகள் எழுதிய தாள்களும் கைக்கடிகாரமும் இருந்தன. அப்போது அவருக்கு வயது 50.

பிற்கால விளக்கம்

சுவாசிக்கும் வளி நடுச்செவியை அடையக் குழாய் மட்டுமே வழியன்று என்பது பின்னர் அறியப்பட்டது. நடுச்செவியின் சவ்வு வழியாக வளிகள் குருதிக்கும் அவ்வறைக்கும் இடையே பரவுகின்றன. மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரசு ஆக்சைடு, நைட்ரசனைவிடக் குருதியில் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகக் கரைகிறது. எனவே நைட்ரசன் வெளியேறுவதைவிட விரைவாக அது நடுச்செவியை அடைய, அங்கு அழுத்தம் உயர்கிறது. அவ்வளி நிறுத்தப்பட்டதும் அழுத்தம் தாழ்கிறது. நெடுநேரம் தூய ஆக்சிசன் சுவாசித்த விமானிகளுக்கு, நடுச்செவியில் நிறைந்த ஆக்சிசன் குருதியால் உறிஞ்சப்படுவதால், சில மணி நேரம் கழித்துக் காதுவலி தோன்றலாம். இவ்வழுத்த வேறுபாட்டை நீக்குவது, டாயின்பி விளக்கியவாறு, விழுங்கும்போது திறக்கும் குழாயே ஆகும்.