மணலை எண்ணிய மேதை

ஆர்க்கிமிடீஸ் என்றதும் குளியல் தொட்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. எனக்கோ மணல்!

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரில் வாழ்ந்தவர் அவர். மணல் எண்ணிக்கைக்கு அடங்காதது என்று பலர் நம்பிய காலம் அது. அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் எண்ணிவிடலாம் என்று கெலோன் மன்னனுக்குக் கணக்கிட்டுக் காட்டினார்.

கிரேக்க மொழியில் தனிப்பெயர் பெற்ற மிகப் பெரிய எண் 10,000. அவரோ அதன் வர்க்கமான பத்துக் கோடியையே அலகாக்கிப் படிப்படியாக ஏறினார். சூரியனை நடுவில் வைத்த அரிஸ்டார்க்கசின் அண்டத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். அன்று அறிந்தவற்றுள் அதுவே பெரியது. அதன் விட்டம் 10¹⁴ ஸ்டேடியனுக்குள் அடங்கும் என்றார். ஸ்டேடியன் என்ற கிரேக்க அளவு ஏறத்தாழ 180 மீட்டர். ஆக 1.8 × 10¹⁶ மீட்டர், சுமார் 2 ஒளியாண்டு! சூரியனை அடுத்து நமக்கு அருகிலுள்ள விண்மீனே 4 × 10¹⁶ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பது பிற்காலத்தார் கண்டது.

மணலின் தொகை 10⁶³-க்குள் அடங்கியது. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் ஓரத்தில் நாம் நொடியில் கிறுக்கும் இந்த எண்ணுக்காக அவர் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது.

கி.மு. 212இல் நகரைப் பிடித்த ரோமானியப் படைவீரன் ஒருவன் அவரைக் கொன்றான். முட்புதர் மூடிக் கிடந்த கல்லறையைக் கி.மு. 75இல் சிசரோ தேடிக் கண்டார்.