நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

கோயிற்றிருவிழாக் காலங்களிற் கொட்டகை முன் பாய் விரித்து, விடியுமட்டும் கண்ணுறங்காது வள்ளி திருமணமும் சத்தியவான் சாவித்திரியும் கண்டு களித்த மூத்தோர் நம் பழைய மாணவரிடையே பலர் இருந்தனர். அந்நாடகங்களை ஆக்கித் தந்தவர் வரலாற்றை இன்றைய மாணவர் அறிதல் வேண்டுமென்னும் ஆசையால் ஈண்டுச் சில கூறத் துணிந்தோம்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். தந்தையாரிடமும், பின்பு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் கற்றார். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் பாட வல்லவரானார். ஆயினும் வயிறு வேறு, கவி வேறு. சிலகாலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கெழுதிக் காலங் கழித்தவர், 24ஆம் வயதில் அதனை உதறி நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார்.

எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் முதலிய வேடங்களே அவருக்கு வாய்த்தன. ஆகிருதியும் குரலும் அவற்றிற்கே அமைந்தவை. ஓர் இரவு நளன் கதையிற் சனீசுவரனாக நடித்துவிட்டு, வேடங் கலைக்க வைகறையில் நீர்நிலைக்குச் சென்றார். துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி அக்கரிய உருவத்தைக் கண்ட மாத்திரத்தே அலறி வீழ்ந்து உயிர் நீத்தாள் என்பர். மற்றொருகால் அவர் எமனாகத் தோன்றி முழங்கியபோது, அவையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச் சிதைந்ததாம். வாய்வழி வந்த கதைகள் சற்றே வளர்ந்திருக்கவுங் கூடும். ஆனால் அவற்றின் பின் சுவாமிகள் வேடம் புனைவதையே விட்டொழித்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் யாவரும் உரைப்பர். நடிகனுக்குப் புகழாகக் கொள்ளத்தக்க ஒன்றை அவர் பழியாகக் கொண்டார். எமக்கு அவர்மேல் மதிப்பு மிகுவது இவ்விடத்திலேதான்.

சிலகாலம் தலயாத்திரை செய்து திரிந்தார். புதுக்கோட்டையில் லயத்திற் பெயர்பெற்ற மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளைபோற் பேணித் தாள நுட்பங்களைக் கற்பித்தார். மீண்டும் நாடகத்துக்கு வந்தபோது சுவாமிகள் வந்தது நடிகராகவன்று, வாத்தியாராக. அக்காலத்து வாத்தியார் வேலை எளிதன்று. கதையமைத்து, பாட்டுக் கட்டி, வசனம் எழுதி, நடிகர்க்குப் பாடஞ் சொல்லி, ஒத்திகை பார்த்து, அரங்கேற்றும் பொறுப்பு முழுதும் அவரதே. அவர் எழுதியவை 68 நாடகங்கள் என்பர். கிடைப்பவை மிகச் சிலவே.

பெரிய நடிகர்களை அடக்கியாளுதல் அவர்க்குப் பெருந்தொல்லையாயிற்று. பாடத்தை விட்டு மேடையிலேயே தர்க்கமிட்டு ஒருவரையொருவர் மடக்குவதும், கைதட்டலுக்காக வாய்க்கு வந்ததைப் பேசுவதும் அந்நாளில் மலிந்திருந்தன. இதற்கு மருந்து சிறுவரைப் பழக்குதலே எனக் கண்டு, 1918இல் மதுரைத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ரி. கே. எஸ். சகோதரர்கள் அங்கு வந்து சேர்ந்த பிள்ளைகள். கண்டிப்பு மிக்க வாத்தியார்தான். ஆனால் அவருள் ஒருவனான சிறுவன் சண்முகத்தின் திறங் கண்டு, அவன் அபிமன்யுவாக நடிக்கவென்றே ஓரிரவில் அமர்ந்து அபிமன்யு சுந்தரி நாடகத்தை முழுவதும் எழுதி முடித்தார். விளக்கடியில் விடியும்வரை எழுதிய அந்தக் கையின் வேகத்தை எண்ணிப் பாருங்கள்!

1921இற் பக்கவாதம் அவரைப் பற்றியது. கையும் காலும் ஓய்ந்தன. அவைகளை நடுக்கிய அந்த நாவும் எழவில்லை. அந்நிலையிலும் அவர் பிள்ளைகளை விட்டுப் பிரிந்தாரில்லை. சபை புதுச்சேரியில் இருந்த காலத்தில், 1922 நவம்பர் 13ஆந் திகதி இயற்கையெய்தினார். மூன்றாண்டு கழித்து ரி. கே. எஸ். சகோதரர்கள் தமக்கெனச் சபை அமைத்தனர். அபிமன்யுவாக நின்ற அச்சிறுவன் பின்னாளில் ஔவை சண்முகம் எனப் பெயர் பெற்று, தம் வாத்தியாரின் வரலாற்றைத் தாமே எழுதியும் வைத்தார்.